சிவப்பாக இருப்பதெல்லாம் சங்கராவா? ஆழ்கடல் ஸ்னாப்பரை அடையாளம் காண்பது

சேலத்துக்குக் கடல் மீன் ராத்திரியில் வருகிறது. கடலூர், நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி, சில மாதங்களில் கேரளக் கரை என்று பல பக்கமிருந்து ஐஸ் போட்ட பெட்டிகளில் லாரி ஏறி, விடிவதற்குள் மார்க்கெட்டில் இறங்கிவிடும். இங்கிருந்து கிட்டத்தில் உள்ள கடற்கரையே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அதனால் மீன் வாங்குகிறவருக்குப் படகும் தெரியாது, வலையா தூண்டிலா என்பதும் தெரியாது, எந்த ஆழத்தில் பிடித்தார்கள் என்பதும் தெரியாது. பல நேரம் விற்கிறவருக்கும் தெரியாது. பலகை மேல் கிடக்கிற மீனைப் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும். அது சிவப்பாக இருந்துவிட்டால் பேச்சே இல்லை, சங்கரா.

அந்த ஒரு பெயரின் கீழ் வெவ்வேறு வகை மீன்கள் விற்பனையாகின்றன. ஒரு சாண் நீளத்தில், பக்கவாட்டில் மஞ்சள் கோடு ஓடும் ரோஸ் நிற மீன் ஒன்று; அது நெமிப்டெரஸ் இனம், ஏற்றுமதிக்காரர்கள் பிங்க் பெர்ச் என்பார்கள். கனத்த தலையும் நாய்ப்பல்லும் கொண்டு கிலோ கணக்கில் நிற்கிற மீன் இன்னொன்று. அது லூட்ஜானஸ், தெற்குக் கரையில் செப்பிலி என்று அழைப்பது. இவை இரண்டும் இல்லாமல், பெரிய கண்ணும் ஒல்லியான உடம்பும் ஆழமாகப் பிளந்த வாலுமாக எப்போதாவது ஒரு மீன் வந்து சேரும். விலையும் செப்பிலி விலையையே சொல்வார்கள். அதுதான் ஆழ்கடல் ஸ்னாப்பர். இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது ஆளைப் பற்றியது.

ஸ்னாப்பர் குடும்பத்துக்கு அறிவியலில் லூட்ஜானிடே என்று பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நமக்குப் பழக்கமான செப்பிலிகள் பவளப்பாறை, சதுப்புநிலக் காடு, முகத்துவாரம், கரையோரப் பாறை நிலம் என்று ஆழம் குறைந்த இடங்களில் வாழ்கிறவை. அதே குடும்பத்தில் எடெலினே என்றொரு கிளை இருக்கிறது. எடெலிஸ், பிரிஸ்டிபோமாய்டஸ், அஃபேரியஸ், ஏப்ரியான், ராண்டலிக்திஸ் என்று ஐந்து பேரினங்கள் கொண்ட கிளை. இதில் ஏப்ரியானும் அஃபேரியஸில் ஓர் இனமும் பாறைத் திட்டுகளின் மேற்பகுதியிலும் சுற்றும். மற்றவற்றில் பெரும்பாலானவை 100 மீட்டரிலிருந்து 400 மீட்டர் வரை, கண்டத்திட்டு முடிந்து கடல் சட்டென்று சரிகிற இடத்தில் குடியிருப்பவை. சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 280 மீட்டரில் இருக்கிறது. எடெலிஸ் மீன்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் கீழே இருக்கின்றன.

சரிவு என்றால் எல்லா இடமும் இல்லை. பாறை முகடு, கடலடிக் குன்று, செங்குத்தான விளிம்பு, நீரோட்டம் வந்து மோதுகிற இடம், இவைதான் இவற்றுக்குப் பிடிக்கும். நீரோட்டம் கொண்டுவரும் மிதவை உயிர்களைத் தின்ன இறாலும் கணவாயும் சின்ன மீனும் கூடுகின்றன. அவற்றைத் தின்ன இவை கூடுகின்றன. பிரிஸ்டிபோமாய்டஸ் இனங்கள் சால்ப், பைரோசோம் மாதிரி கூழ்போன்ற மிதவை உயிர்களையும் விட்டுவைப்பதில்லை. எடெலிஸ் பெரும்பாலும் மீனும் கணவாயும். கூட்டமாக, தரையை ஒட்டியும் அதற்குச் சற்று மேலேயும் நிற்கும். இடம் தெரிந்த தூண்டில்காரருக்கு இது வசதி. அதே முகட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பிடிக்கலாம், அது காலியாகும் வரை.

கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் பாறை நிலத்தில் களவாவோடு சேர்ந்து பிரிஸ்டிபோமாய்டஸ் டைபஸ் என்ற இனம் தூண்டிலில் அகப்படுவது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். 1976-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஏற்பாட்டில் அந்தப் பகுதியின் மீதான உரிமை இந்தியாவுக்கு என்று முடிவானது. அதே மாவட்டத்தின் தூத்தூர் வட்டார மீனவர்கள், ஒரே நீளக் கயிற்றில் நிறையக் கொக்கிகள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலோடு அரபிக்கடலில் வெகுதூரம் போகிறவர்கள். மலைக்கும் வயலுக்கும் நடுவே இருக்கிற நம் ஊருக்கு வருகிற ஆழ்கடல் மீன், பெரும்பாலும் இப்படித் தூண்டிலில் ஏறிய மீன்தான். இழுவலை கிழிந்துபோகும் என்று பாறை நிலத்தின் பக்கம் போவதில்லை.

இப்போது அந்தச் சிவப்புக்கு வருவோம். சூரிய ஒளியில் சிவப்புப் பகுதி தண்ணீரில் முதல் சில மீட்டர்களிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். 200 மீட்டரில் மிஞ்சுவது கொஞ்சம் நீலம் மட்டும். அந்த நீல ஒளி சிவப்புத் தோல் மேல் பட்டால் திரும்பி வர ஒன்றும் இல்லை. மீன் கருத்த நிழலாகத்தான் தெரியும். பட்டப்பகலில் மீன் கடை பல்பின் கீழ் கண்ணைப் பறிக்கிற நிறம், அது வாழ்கிற இடத்தில் ஒளிந்துகொள்ளும் நிறம். அந்த நிறமியை மீன் தானாகச் செய்வதுமில்லை. இறால் போன்ற ஓட்டுடலிகளில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகளைச் சாப்பிட்டுத் தோலில் சேர்த்துக்கொள்கிறது.

ஆகவே சிவப்பு என்பது அந்த ஆழத்துக்குப் போன யாருக்கும் கிடைக்கிற உடுப்பு. களவாவில் சில சிவப்பு, புல்ஸ்-ஐ என்கிற பெருங்கண் மீன் சிவப்பு, நெமிப்டெரஸ் சிவப்பு. அது குலத்தைச் சொல்லாது. போதாக்குறைக்கு, ஐஸில் இரண்டு நாள் கிடந்தாலே நிறம் வெளிறும். மூக்கின் மேல் இருக்கும் மஞ்சள் கோடுகள் முதலில் அழியும். நிறத்தை நம்பி மீன் பெயர் சொல்கிறவர், வண்டியின் பெயின்ட்டைப் பார்த்து கம்பெனி சொல்கிறவரைவிட மேல் என்று சொல்ல முடியாது.

நம்பக்கூடியது எலும்பும் முள்ளும் செதிலும்தான்.

முதல் வேலை, முதுகுத் துடுப்பைப் பிடித்து நிமிர்த்துவது. முன்பாதியில் குத்துகிற முட்கள், பின்பாதியில் வளைகிற மென்கதிர்கள். ஆழ்கடல் ஸ்னாப்பர் எல்லாவற்றுக்கும் முள் 10. மென்கதிர் பெரும்பாலும் 11, அஃபேரியஸில் சில நேரம் 10. வயிற்றுப்பக்கம், ஆசனவாய்க்குப் பின்னால் உள்ள துடுப்பில் முள் 3, மென்கதிர் 8. நெமிப்டெரஸுக்கும் முதுகில் முள் 10 தான், ஆனால் மென்கதிர் 9. கீழே 3 முள், 7 மென்கதிர். லூட்ஜானஸ் செப்பிலிகளுக்கு முதுகு மென்கதிர் 12-க்குக் குறையாது. எண்ணுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், அவ்வளவுதான்.

எண்ணப் பொறுமை இல்லாதவர்களுக்கு இரண்டு குறுக்குவழிகள் உண்டு. முதுகுத் துடுப்பின் அடிப்பாகத்தை நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள். லூட்ஜானஸில் உடம்புச் செதில் துடுப்பின் மென்பகுதி மேல் கொஞ்சம் ஏறிப் படர்ந்திருக்கும், சொரசொரப்பு தட்டும். ஆழ்கடல் கிளையில் துடுப்பு வழவழவென்று செதிலே இல்லாமல் இருக்கும். அப்புறம், முதுகுத் துடுப்பின் கடைசிக் கதிரையும் ஆசனத் துடுப்பின் கடைசிக் கதிரையும் பாருங்கள். எடெலினே மீன்களில் இவை பக்கத்துக் கதிரைவிட நீண்டு, வால் பக்கம் ஒரு இழை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். லூட்ஜானஸில் இது கிடையாது. ஐஸ் பெட்டியில் அடிபட்டு இழை முறிந்திருக்கலாம் என்பதால் இரண்டு துடுப்பையும் பார்ப்பது நல்லது.

ஆழ்கடல் கிளைதான் என்று உறுதியானதும் பேரினத்தைப் பிரிப்பது எளிது. முதுகுத் துடுப்பின் நடுவில், முள் முடிந்து கதிர் தொடங்கும் இடத்தில், அடிவரை இறங்குகிற பள்ளம் இருந்தால் எடெலிஸ். கண்ணும் மற்றவற்றைவிடப் பெரியது. பள்ளமே இல்லாமல் ஒரே கோடாக ஓடினால் மற்றவை. அதில் கண்ணுக்கு முன்னால் மூக்கின் பக்கவாட்டில் கிடைமட்டமாக ஒரு வாய்க்கால் ஓடி, மார்புத் துடுப்பு தலை நீளத்தில் பாதிகூட இல்லாமல் குட்டையாக, உடம்பு பச்சை கலந்த நீலமாக இருந்தால் ஏப்ரியான். கீழ்த்தாடை முன்னே துருத்தி, வாயைத் திறந்து மேலண்ணத்தைத் தடவினால் பல்லே தட்டாவிட்டால் அஃபேரியஸ். மிச்சம் இருப்பது பிரிஸ்டிபோமாய்டஸ்: அண்ணத்தில் பல் உண்டு, இரு கண்களுக்கும் நடுவே நெற்றி தட்டையாக இருக்கும், மார்புத் துடுப்பு நீளமாக இருக்கும். ராண்டலிக்திஸ் பசிபிக் பக்கத்து அரிய மீன். நம் லாரியில் வராது, விட்டுவிடலாம்.

இந்தியக் கடலில் அதிகம் அகப்படுவது பிரிஸ்டிபோமாய்டஸ் தான். இங்கேதான் உண்மையான தலைவலியும். பத்துக்கும் மேற்பட்ட இனங்கள், எல்லாம் ஒரே அச்சு. மல்டிடென்ஸ் என்ற இனத்தை அந்தமானில் கிடைத்த மீனை வைத்து 1871-இல் விவரித்தவர் பிரான்சிஸ் டே. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்து, பின்னால் இந்திய மீன்வளத் துறையின் தலைமை ஆய்வாளரானவர். அதற்கு மூக்கிலிருந்து கன்னம் வரை கண்ணுக்குக் கீழே இரண்டு பொன்மஞ்சள் பட்டைகள், நீல விளிம்போடு ஓடும். தலை உச்சியில் மஞ்சள் நெளிகோடுகள் குறுக்காகப் போகும். டைபஸ் இனத்துக்கு அதே நெளிகோடுகள் நெடுக்காகப் போகும். குறுக்கா நெடுக்கா என்பதுதான் இரண்டுக்கும் இருக்கிற தெளிவான வேற்றுமை, அதுவும் மீன் புதுசாக இருந்தால் மட்டும்.

நெளிகோடு அழிந்துவிட்டால் செதிலை எண்ண வேண்டும். செவுள் மூடியின் பின்னாலிருந்து வால் அடி வரை பக்கவாட்டில் ஒரு துளைக்கோடு ஓடும். அந்தக் கோட்டின் மேல் உள்ள செதில்களை ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினால், மல்டிடென்ஸிலும் டைபஸிலும் 50 வாக்கில் நிற்கும். ஃபிலமென்டோஸஸ் இனத்தில் 60 வாக்கில். சீபோல்டி இனத்தில் 70-க்கு மேல் போகும், அதோடு நாக்கின் மேலேயும் பல் திட்டு இருக்கும். சோனேட்டஸ் ஒன்றுதான் நம்மைச் சோதிக்காத பிறவி. ரோஸ் உடம்பில் சரிவான மஞ்சள் பட்டைகள், தூரத்திலிருந்தே தெரியும்.

எடெலிஸ் பேரினத்தில் எண்ண வேண்டியது செதிலை அல்ல, செவுள் முள்ளை. செவுள் மூடியைத் தூக்கினால் முதல் செவுள் வளைவின் உள்பக்கம் சீப்புப் பல் மாதிரி வரிசை இருக்கும், இரையை வடிகட்டும் அமைப்பு. கார்பன்குலஸ் இனத்தில் அது 17 முதல் 22. கோரஸ்கன்ஸில் 23 முதல் 28. ரேடியோஸஸில் 30-ஐத் தாண்டிவிடும். கோரஸ்கன்ஸுக்கு இத்தனை மெனக்கெட வேண்டாம். வாலின் மேல்கிளை நீண்டு ஒரு வாள் மாதிரி போயிருக்கும். ஜப்பானிலும் ஹவாயிலும் பச்சையாகச் சாப்பிடப் பெரிய விலை கொடுத்து வாங்குகிற மீன் அது. ஹவாயில் ஓனாகா என்று பெயர். புத்தாண்டு விருந்தில் அது இல்லாமல் நடக்காது.

போன மழைக்காலத்தில் சூரமங்கலம் பக்கம் ஒரு கடையில் இப்படி ஒரு மீனைப் பார்க்க வாய்த்தது. பெரிய சங்கராக்களுக்கு நடுவே ஒன்று மட்டும் வாயில் ஏதோ கவ்வியிருப்பது போல இருந்தது. இளஞ்சிவப்பில் ஒரு உருண்டை, தொட்டால் ஈரமான தோல். கண்ணிரண்டும் பிதுங்கி, கண்ணுக்குள் காற்றுக் குமிழி தெரிந்தது. வாங்க வந்த அம்மா ஒருவர், "என்னண்ணா இது, நாக்கு தள்ளிக் கிடக்குது, கெட்டுப்போச்சுங்களா?" என்றார். "இல்லீங்க்கா, ஆழத்து மீனுங்க, அப்படித்தான் வரும்" என்றார் கடைக்காரர். ஒரே வரியில் சரியான பதில். துடுப்பைத் தூக்கினால் நடுவில் பள்ளம் இல்லை, கடைசிக் கதிர் நீண்டிருந்தது, நெற்றி தட்டை, பிரிஸ்டிபோமாய்டஸ். தலை உச்சிக் கோடுகள் ஐஸில் அழிந்துவிட்டன. செதிலை எண்ணும் அளவுக்கு யாரும் அங்கே நிற்க விடமாட்டார்கள். அதற்குள் அந்த அம்மாவின் மீனே வெட்டுக்கட்டைக்குப் போய்விட்டது.

வாயில் தெரிந்தது நாக்கு இல்லை, இரைப்பை. ஸ்னாப்பரின் காற்றுப்பை மூடிய பை. கெண்டை மீன்களுக்கு இருப்பது போலத் தொண்டையோடு இணைக்கும் குழாய் அதற்கு இல்லை. காற்றை ரத்தத்தின் வழியாகத்தான் மெதுவாக ஏற்றவும் இறக்கவும் முடியும். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது காது அடைக்கிறதே, அந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் குறைகிறது. கடலில் பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம். 300 மீட்டரில் 31 மடங்கு. தூண்டில் இயந்திரம் அந்த மீனைச் சில நிமிஷங்களில் மேலே இழுத்துவிடுகிறது. பைக்குள் இருந்த காற்று தடை இல்லாமல் விரிந்தால் 31 மடங்காகும். அதற்கு உடம்பில் இடமில்லை. பை விரிந்து இரைப்பையை வாய் வழியாக வெளியே தள்ளும், கண்ணைப் பிதுக்கும், பல நேரம் பையே கிழியும்.

இதனால்தான் சின்ன மீனைத் திரும்பக் கடலில் விடு என்ற அறிவுரை இங்கே எளிதில் பலிப்பதில்லை. விட்டாலும் மிதக்கும், மூழ்க முடியாது. எடை கட்டி ஆழத்துக்கே இறக்கிவிடும் கருவிகளைச் சில நாடுகளில் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். தொழில் படகில் அதற்கெல்லாம் நேரம் ஏது?

சரி, எந்த இனமாக இருந்தால் என்ன, குழம்பில் எல்லாம் ஒன்றுதானே என்று கேட்கலாம். ருசியில் பெரிய சண்டை போட முடியாதுதான். ஆனால் வயதில் இருக்கிறது வேற்றுமை.

மீனின் தலைக்குள் மூளைக்குக் கீழே காதுக்கல் என்று ஒரு ஜோடி சுண்ணாம்புக் கட்டி உண்டு. மீன் வளர வளர அது அடுக்கடுக்காக வளரும். அறுத்து மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தால் வளையங்கள் தெரியும். குளிர்நாட்டு மீனில் வளையங்கள் பளிச்சென்று இருக்கும். வெப்பமண்டல ஆழ்கடலில் கோடையும் குளிரும் அதிகம் மாறுவதில்லை; வளையமும் மங்கல். அதனால் ஹவாயில் ஓபகாபகா என்று அழைக்கும் பிரிஸ்டிபோமாய்டஸ் ஃபிலமென்டோஸஸின் ஆயுள் 20 ஆண்டுக்குள்தான் என்று முதலில் கணக்குப் போட்டார்கள்.

அதைத் திருத்தியது அணுகுண்டு. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வானத்தில் வெடித்த சோதனைக் குண்டுகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. அது கடல்நீரில் கரைந்தது. அந்தக் காலத்தில் பிறந்த மீன்குஞ்சுகளின் காதுக்கல் நடுவில் போய் உறைந்தது. காதுக்கல் ஒருமுறை படிந்தால் கரைவதில்லை. ஆகவே கல்லின் நடுப்பகுதியைத் துருவி எடுத்து அளந்தால், அந்த மீன் குண்டு யுகத்துக்கு முன் பிறந்ததா பின் பிறந்ததா என்று சொல்லிவிடலாம். இந்த முறையிலும், காதுக்கல்லில் உள்ள ஈயம், ரேடியம் அளவுகளை ஒப்பிடும் முறையிலும் பார்த்தபோது ஓபகாபகா 40 ஆண்டுக்கு மேல் வாழ்கிறது என்று தெரிந்தது. ஆயுள் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் மல்டிடென்ஸ் 30 ஆண்டு வரை வாழ்வதாகக் கண்டிருக்கிறார்கள். ஆழ்கடல் கிளை அல்ல என்றாலும் அதே ஸ்னாப்பர் குடும்பத்தைச் சேர்ந்த மகோலர் மகுலாரிஸ் மீன் ஒன்று, ஆஸ்திரேலியாவின் ரவுலி ஷோல்ஸ் பகுதியில் பிடிபட்டது, 81 வயது என்று 2020-இல் அறிவிக்கப்பட்டது.

நீண்ட ஆயுள் என்றால் ஆண்டுதோறும் இயற்கையாகச் சாகிற மீன் குறைவு, புதிதாகச் சேர்கிறதும் மெதுவாகத்தான். இனவிருத்திக்குத் தயாராகவே சில இனங்களுக்குப் பல ஆண்டுகள் ஆகும். களவா மாதிரி இவை பால் மாறுவதில்லை. பெண் பிறப்பிலிருந்தே பெண், ஆண் ஆண். பருவத்தில் பலமுறை முட்டையிடும், முட்டை நீரில் மிதந்து போகும். குஞ்சுகள் பெரிய மீன் இருக்கும் பாறையில் வளர்வதில்லை. ஹவாயில் ஓபகாபகா குஞ்சுகள் 60 முதல் 100 மீட்டர் ஆழத்தில், பாறையே இல்லாத சமவெளி மணலில் கூட்டமாக வளர்வதைப் பார்த்திருக்கிறார்கள். பெரிய மீனுக்காகப் பாறையைப் பாதுகாத்துவிட்டு அந்த மணலில் இழுவலை ஓட்டினால் என்ன பயன்? மேட்டூர் அணையிலோ பண்ணைக் குட்டையிலோ சில மாதத்தில் தட்டுக்கு வருகிற திலேபியாவுக்குப் போடுகிற கணக்கை இதற்குப் போட முடியாது. ஹவாயில் ஆறு ஆழ்கடல் ஸ்னாப்பர், ஒரு களவா என்று ஏழு இனங்களை ஒன்றாகச் சேர்த்து ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்துப் பிடிப்பதும் இதனால்தான்.

பெயர் குழம்பினால் கணக்கும் குழம்பும் என்பதற்கு எடெலிஸ் கார்பன்குலஸ் கதையைவிட நல்ல சாட்சி இல்லை. 1828-இல் பெயரிடப்பட்ட இனம் அது. அப்புறம் கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள், இந்துமாக்கடலிலும் பசிபிக்கிலும் கிடைத்த மாணிக்கச் சிவப்பு எடெலிஸ் எல்லாவற்றையும் அதே பெயரில்தான் எழுதி வந்தார்கள். புத்தகத்தில் இந்த மீன் ஒரு மீட்டருக்கு மேல் வளரும் என்று இருக்கும். சில ஊர்களில் பிடித்தால் முக்கால் மீட்டரைத் தாண்டாது. மரபணுவையும் காதுக்கல்லின் வடிவத்தையும் ஒப்பிட்டபோதுதான் இரண்டு தனித்தனி இனங்கள் ஒரே பெயரில் இருந்தது தெளிவானது. பெரியதாக வளர்வதற்கு 2021-இல் எடெலிஸ் போவெனி என்று பெயர் வைத்தார்கள். கண்ணால் பிரிக்க ஒரு அடையாளம் போதும்: போவெனியின் வாலில் மேல்கிளை நுனி கறுப்பு, கார்பன்குலஸுக்கு அது இல்லை. அதற்கு முன் இரண்டையும் கலந்து போட்ட வளர்ச்சிக் கணக்குகள் எப்படி இருந்திருக்கும்? சின்ன இனத்தில் முழுசாக வளர்ந்த கிழட்டு மீனை, பெரிய இனத்தின் குட்டி என்று எழுதியிருப்பார்கள். ஆய்வாளர்களே இருநூறு ஆண்டு தடுமாறிய இடத்தில் சேலத்துக் கடைக்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஆனால் வெட்டுகிற முறையைக் குறை சொல்லலாம். நம் ஊரில் மீனை எடை போட்டதும் முதலில் போவது துடுப்பு, அப்புறம் செதில், அப்புறம் தலை. மேலே சொன்ன அடையாளம் ஒவ்வொன்றும் அந்த மூன்றில்தான் இருக்கிறது. உடல் துண்டில் இருப்பது ரோஸ் கலந்த வெள்ளைச் சதை. அதைப் பார்த்து இனம் சொல்ல யாராலும் முடியாது. கேட்டு வாங்குகிறவர் வெட்டுவதற்கு முன் முழு மீனைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும், வேறு வழி இல்லை.

முழு மீனாக இருக்கும்போது மோசடியைக் கண்டுபிடிப்பது சுலபம். சிவப்புத் திலேபியாவுக்கு மூக்குத் துளை பக்கத்துக்கு ஒன்று. ஸ்னாப்பருக்குப் பக்கத்துக்கு இரண்டு. திலேபியாவின் பக்கக் கோடு நடுவில் அறுந்து இரண்டு துண்டாக ஓடும். ஸ்னாப்பரில் தொடர்ச்சியாக ஓடும். வயிறு சிவந்த ரூப்சந்த் மீனுக்கு முதுகில் குத்துகிற முள்ளே கிடையாது, வாலுக்கு முன்னால் சதையாலான ஒரு சின்னத் துடுப்பு இருக்கும். விளமீனுக்குக் கன்னத்தில் செதில் இருக்காது, ஸ்னாப்பருக்கு இருக்கும். புல்ஸ்-ஐ மீனின் தோல் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும், ஆசனத் துடுப்பில் மென்கதிர் பெரும்பாலும் 13 அல்லது அதற்கு மேல்.

ஃபில்லட்டாகத் தோலுரித்து உறைய வைத்து வந்தால் கதை வேறு. ஏற்காட்டு விடுதி மெனுவில் ரெட் ஸ்னாப்பர் ஃபிரை என்று போட்டிருப்பது எந்த மீன் என்று சமையல்காரரும் சத்தியம் செய்ய மாட்டார். இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் ரெட் ஸ்னாப்பர் என்று விற்ற மீன்களை 2004-இல் மரபணு சோதித்தபோது நான்கில் மூன்று பங்கு வேறு இனங்கள். சதைத் துண்டிலிருந்து மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் ஒரு சிறு பகுதியைப் படித்து இனத்தைச் சொல்லும் முறை இப்போது வழக்கமாகிவிட்டது. இந்தியக் கடல் மீன்களுக்கும் லக்னோவிலுள்ள தேசிய மீன் மரபணு வள நிறுவனம் அந்த வரிசைகளைத் தொகுத்திருக்கிறது. ஆய்வகத்துக்கு அனுப்பினால் பதில் கிடைக்கும், தட்டில் வைத்துக்கொண்டு கிடைக்காது.

விலைக்காக இல்லாவிட்டாலும் உடம்புக்காகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சிவப்பு மீன் உண்டு. லூட்ஜானஸ் போஹார், பவளப்பாறையில் வாழும் பெரிய செப்பிலி. பாறைப் பாசியில் ஒட்டி வளரும் நுண்ணுயிரியின் நஞ்சு, சின்ன மீன் வழியாகப் பெரிய மீனில் சேர்ந்துகொண்டே வரும்; சிகுவடேரா என்பார்கள். போஹார் அதற்குப் பேர்போனது. வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது, மணத்திலும் ருசியிலும் தெரியாது. நஞ்சு தலையிலும் ஈரலிலும் கூடுதலாக இருக்கும் என்பதால், தலைக்கறி பிரியர்கள் கவனிக்க வேண்டியது இது. அடையாளம் நல்லவேளையாகத் தலையிலேயே இருக்கிறது: மூக்குத் துளையிலிருந்து கண்ணின் முன்விளிம்பு வரை ஆழமாக ஒரு பள்ளக் கோடு ஓடும். ஏப்ரியானுக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் உண்டு என்று மேலே சொன்னேன். ஆனால் அது பச்சை-நீல மீன், ஒல்லி உடம்பு, குட்டை மார்புத் துடுப்பு. போஹார் தடித்த, கருஞ்சிவப்பு மீன். முதுகு மென்கதிரை எண்ணினால் போஹாரில் 12-க்குக் குறையாது, ஏப்ரியானில் 11.